பாக்கியநாதனுக்கு வலி எடுத்த ஞாயிற்றுக்கிழமை

மேலப்புதூர் பாக்கியநாதன் எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார். தேங்காய், தர்பூசணி, மண்பானை என்றால் ஊரே தட்டத்தான் செய்கிறது. அவர் பீரோவைத் தட்டுவார், கதவைத் தட்டுவார், பிளாஸ்டிக் நாற்காலியைக்கூடத் தட்டுவார். காந்தி மார்க்கெட்டில் பூசணிக்காயைத் தட்டி முடித்த கையோடு கடைக்காரரின் தராசையும் ஒரு தட்டுத் தட்டி, அந்த ஆளின் வாயிலிருந்து நல்லதாக நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு வந்த நாளும் உண்டு.

தொழில் பழக்கம் அப்படி. கைலாசபுரத்தில் குடியிருந்து, கொதிகலன் செய்கிற தொழிற்சாலையில் தர ஆய்வாளராக ஒரு ஆயுளையே கழித்தவர் அவர். சட்டைப்பையில் பேனா இருக்கிற இடத்தில் அவருக்கு ஒரு குட்டிச் சுத்தியல் இருக்கும். பற்றவைத்த குழாயை அதனால் ஒரு தட்டு, பிறகு தலையைச் சாய்த்து ஒரு கவனிப்பு. "விரிசல் இருக்கு" என்றால் இருக்கிறது. "விரிசல் இல்ல" என்றால் குழாய் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். கருவிகளெல்லாம் பிறகு வந்து சாட்சி சொல்லும்.

"இந்த மனுஷன் தட்டிப் பாக்காம எடுத்துக்கிட்டது என்னை ஒருத்தியைத்தான்" என்று அவர் மனைவி ரோசம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். "அதுவும் பொண்ணு பாக்க வந்தன்னைக்குக் காபி டம்ளரைத் தட்டிட்டுத்தான் சம்மதம் சொன்னாரு."

அந்த ரோசம்மாள் போன வருஷம் தவக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். நெஞ்சு வலி என்று சொல்லி, நெஞ்சு வலிக்குரிய பரபரப்புகூட இல்லாமல், சட்டென்று. பாக்கியநாதன் அழவில்லை என்று ஊர் பேசிக்கொண்டது. அவர் செய்ததெல்லாம் வீட்டிலிருந்த எல்லாக் கடிகாரங்களுக்கும் புது பேட்டரி போட்டதுதான். பிறகு தினமும் இரண்டு பேருக்குச் சோறு வடித்து, ஒருவர் பங்கை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளப் பழகினார்.

போகிறதற்குமுன் ரோசம்மாள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். மகள் ஆன்சியின் கல்யாணத்தன்று, மண்டபத்திலேயே, சம்பந்தி வீட்டார் காதுபடக் கொடுத்த வாக்கு. "முதல் பிரசவம் எங்க வீட்டுல. உள்ள அவ கூட நான்தான் நிப்பேன். அதுல மட்டும் யாரும் பங்குக்கு வரக்கூடாது."

இப்போது ஆன்சிக்கு எட்டு மாதம். பிரசவ அறைக்குள் அவளோடு நிற்க ரோசம்மாள் இல்லை. அந்த இடத்தில் யார் நிற்பது என்பதுதான் பிரச்சினை.

சம்பந்தியம்மா பெலிண்டாவுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. அரியமங்கலத்தில் அவர்களுக்கு ஒரு சிறிய லேத் பட்டறை. பட்டறைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அந்த அம்மாவின் குரல், போனை மேஜைமேல் வைத்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அம்மா இல்லாத வீட்டுல பிள்ளைத்தாச்சிய வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க? பத்தியம் வைப்பீங்களா? பேறுகால மருந்து கிண்டுவீங்களா? புள்ள இங்கயே இருக்கட்டும். உள்ள நான் போறேன். எனக்குத் தெரியாத வலியா? ஜூட் பொறந்தப்போ ரெண்டு நாள் நான் பட்ட பாடு…"

மருமகன் ஜூட் பிறந்த கதை குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். பிரச்சினை என்னவென்றால் அது வளர்ந்துகொண்டே போகும். நிச்சயதார்த்தத்தின்போது ஒரு முழுநாளாக இருந்த வலி, கல்யாணத்தின்போது இரண்டு நாளாகியிருந்தது. வளைகாப்புக்குள் மூன்றாம் நாள் எட்டிப் பார்த்துவிட்டது. நடுவில் ஒரு புயல் மழையும், கரண்ட் போனதும், கையில் மெழுகுவத்தியோடு ஓடிவந்த நர்சும் சேர்ந்துகொண்டார்கள். கதை ஒவ்வொரு தடவை வளரும்போதும் ஆன்சியின் முகம் ஒரு சுற்று சிறுத்துப்போவதைப் பாக்கியநாதன் கவனித்திருந்தார்.

அப்படிப் பிறந்து வளர்ந்து ஆளான ஜூட், உள்ளே போகும் போட்டியில் இல்லவே இல்லை. இரும்பைக் கடைசல் பிடிக்கிற கை அவனுக்கு. ஆனால் ரத்தப் பரிசோதனைக்குத் தன் விரலில் ஊசி குத்தியபோது நாற்காலியோடு சாய்ந்தவன். "மாமா, நான் உள்ள போனா டாக்டர் யாரைப் பாக்கறதுன்னு குழம்பிடுவாங்க" என்று அவனே ஒப்புக்கொண்டான்.

பாக்கியநாதன் அசைந்து கொடுக்கவில்லை. வளையல் போட்டு மகளை மேலப்புதூருக்குக் கூட்டிவந்துவிட்டார். ரோசம்மாளின் வாக்கில் பாதி காப்பாற்றியாகிவிட்டது. மீதிப் பாதிக்கு என்ன செய்வது?

"அப்பா, டூலான்னு இருக்காங்க" என்றாள் ஆன்சி ஒரு நாள் சாப்பிடும்போது. "என்கூட வேலை பாக்கற பொண்ணு வச்சுக்கிட்டா. டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல. வலி ஆரம்பிச்சதுல இருந்து குழந்தை பொறக்கற வரைக்கும் நம்ம கூடவே இருப்பாங்க. முதுகு நீவி விடுவாங்க, நடக்க வைப்பாங்க, பயந்தா பேசுவாங்க. டாக்டர் சொல்றது புரியலைன்னா நம்மளைக் கேக்க வைப்பாங்க."

"மருந்து?"

"குடுக்க மாட்டாங்க."

"பிரசவம் பாப்பாங்களா?"

"பாக்க மாட்டாங்கப்பா. அது டாக்டர் வேலை."

"அப்ப சும்மா கூட இருக்கறதுக்கா ஒரு ஆளு?"

ஆன்சி ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "அம்மா இருந்தா அதைத்தானேப்பா பண்ணியிருப்பாங்க?"

பாக்கியநாதன் மறுநாளே தேட ஆரம்பித்துவிட்டார்.

முதலில் தில்லைநகரில் ஒரு அம்மணி. அறை முழுக்க வாசனை மெழுகுவத்தியும் மெல்லிய வீணைச் சத்தமும். நடுவில் காற்றடைத்த ஒரு நீலத் தொட்டி. அதில் வெந்நீர் நிரப்பிக் கர்ப்பிணியை உட்காரவைப்பார்களாம். பாக்கியநாதன் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். எவ்வளவு எடை தாங்கும், எந்த அழுத்தத்தில் சோதித்தது, தையல் பிரிந்தால் கீழ்வீட்டுக்காரருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். அம்மணி வீணையை நிறுத்திவிட்டு, "சார், நீங்க ஒரு தடவை மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றார். அவர் விட்டார். அப்படியே செருப்பையும் மாட்டிக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், ஆன்சி போனில் பேசிவைத்த இன்னொரு டூலாவைப் பார்க்க, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நின்றபடி காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போய் இறங்கினார். அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கத்தில் ஒரு குடியிருப்பில் மூன்றாம் மாடி. கதவைத் தட்டினார். இரண்டு தட்டு மகள் காரியத்துக்கு, ஒன்று மரத்தின் தரம் பார்க்க.

கதவைத் திறந்தவள் யமுனா. நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் ஸ்ரீசூர்ணக் கோடு, சுடிதார், வாயில் மென்றுகொண்டிருந்த சீடை.

"வாங்கோ, வாங்கோ. ஆன்சியோட அப்பாதானே? உக்காருங்கோ. அந்தப் பந்துமேல வேண்டாம், அது பிள்ளைத்தாச்சிகளுக்கு."

பாக்கியநாதன் அந்தப் பெரிய ரப்பர் பந்தைத் தட்டிப் பார்த்தார். அது 'பொத்' என்றது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு எந்தத் தகவலும் தராத முதல் பொருள் அதுதான்.

"நீங்க எத்தனை பிரசவம் பாத்திருக்கீங்கம்மா?"

"ஒண்ணுகூடப் பாக்கலை சார். பிரசவத்தை டாக்டர் பாத்துப்பா. நான் பொண்ணைப் பாத்துப்பேன்."

இந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. "இதனால பலன் உண்டா? நிச்சயமாச் சொல்ல முடியுமா?"

"நிச்சயம்னு சொன்னா நான் சொல்றது பொய். கடைசி வரைக்கும் ஒருத்தர் விடாம கூட இருந்தா வலி நேரம் குறையறது, சிசேரியன் குறையறதுன்னு படிச்சவா ஆராய்ச்சி பண்ணிச் சொல்றா. உங்க பொண்ணுக்கு ஆபரேஷனே ஆகாதுன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தரமுடியாது. ஆபரேஷன்னாலும் விடற இடம் வரைக்கும் கூட வருவேன், வெளில வரச்சே நிப்பேன். பயம் கொறையும். அதைச் சொல்லலாம்."

"உங்க வேலையில எதாவது… ரிஜெக்ட் ஆனது?"

யமுனா சீடை மெல்வதை நிறுத்தினாள். "ஒரு பொண்ணு பாதியில 'நீ பேசிண்டே இருக்கே, வெளில போ'ன்னுட்டா. போயிட்டேன். அவ சொன்னது நியாயம்தான். நான் கொஞ்சம் பேசுவேன்."

சொந்தக் குறையை வாயைத் திறந்து சொன்ன சப்ளையரைப் பாக்கியநாதன் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஏறக்குறைய சம்மதித்துவிட்டார். ஆனாலும் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே.

"ட்ரையல் பாக்கணும்."

"எதுக்கு?"

"பிரசவத்துக்கு. நீங்க என்ன பண்ணுவீங்களோ அதை ஒருதடவை எங்க வீட்டுல செஞ்சு காட்டணும். தண்ணி அடைச்சு, அழுத்தம் குடுத்து, ஒழுகுதான்னு பாக்காம எந்தப் பாய்லரையும் நான் வெளிய விட்டதில்ல."

யமுனா சிரித்த சிரிப்பில் சீடை புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேஷாப் பண்ணலாம். ஆனா ஆன்சி வேடிக்கை பாக்கட்டும். வலி உங்களுக்குத்தான்" என்றாள்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரி ஒரு நிபந்தனை போட்டிருந்தது. புத்தூரில் ஆன்சி பார்த்துவந்த டாக்டர் பஸீலா கண்டிப்பானவர். "ஒரு நேரத்துல ஒருத்தர்தான் உள்ள. யாருன்னு நான் உங்ககிட்டயும் கேக்க மாட்டேன், மாமியார்கிட்டயும் கேக்க மாட்டேன். ஆன்சிகிட்டதான் கேப்பேன்." ஆன்சியைக் கேட்டார். ஆன்சி கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தாள். அடுத்த முறை சொல்கிறேன் என்றாள். அடுத்த முறையும் மின்விசிறியைத்தான் பார்த்தாள்.

ஒத்திகைக்கு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். பூசை முடிந்து எல்லோரும் மேலப்புதூர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பெலிண்டா அழைக்காமலே வந்தார். கையில் ஒரு தூக்கு நிறைய வஞ்சிரமீன் குழம்பு. யமுனா படியேறி வந்ததும் மூக்கை உயர்த்தினாள்.

"என்ன வாசனை இது, தூக்கறதே!"

"ஐயோ, மீனும்மா. உள்ள வச்சு மூடிடறேன்" என்று பெலிண்டா பதறினார்.

"மூடாதீங்கோ. நான் சாப்பிடமாட்டேன், அவ்வளவுதான். மூக்குக்கு ஆசாரம் கிடையாது."

பெலிண்டாவுக்கு இவளைப் பிடிக்கக்கூடாது என்று முடிவுசெய்துகொண்டு வந்திருந்தது கொஞ்சம் சிரமமாகப் போயிற்று.

கூடத்தில் நாற்காலிகளை ஓரங்கட்டினார்கள். பாக்கியநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்துமேல் உட்கார்ந்தார். பந்து ஒரு பக்கம் நழுவ, ஜூட் ஓடிப் பிடித்தான். ஒன்பதாம் மாத வயிற்றின்மேல் தட்டை வைத்து முறுக்குத் தின்றபடி ஆன்சி சோபாவில் சாய்ந்திருந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வருகிற மாதிரி ஒரு அறிகுறி.

"இப்ப நீங்க பாக்கியநாதன் சார் இல்லை. நீங்கதான் ஆன்சி" என்றாள் யமுனா. "வலிங்கறது நம்ம ஒன்னாம் நம்பர் பஸ் மாதிரி. வரும், நிக்கும், போயிடும். அடுத்தது வரத்துக்குள்ள உக்காந்து மோர் குடிச்சுக்கலாம். வந்துண்டிருக்கற பஸ்ஸை நெனச்சு பயந்துண்டிருந்தா, வராத நேரமும் வந்த மாதிரியே போயிடும்."

"கூட்டமா வருமா?" என்று ஜூட் கேட்டான்.

"போகப்போக ஆபீஸ் நேரக் கூட்டம்."

ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். ஒரு பிடி ஐஸை இரண்டு கைகளிலும் அள்ளி இறுக்கிப் பிடிக்கவேண்டும். அதுதான் வலி. அவள் சொல்லும்வரை விடக்கூடாது.

முதல் தடவை பக்கத்தில் யாரும் போகவில்லை. பாக்கியநாதன் தனியாக உட்கார்ந்து பிடித்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு கிண்ணத்தையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "இது தாங்காது" என்று, யாரோ ஒரு குழாயைப்பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பொத்தென்று போட்டுவிட்டார்.

"அடுத்த பஸ். இந்தத் தடவை பெலிண்டா மாமி பக்கத்துல உக்காந்து, எப்பவும் ஆன்சிகிட்ட பேசற மாதிரியே பேசுங்கோ."

பெலிண்டா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நடிப்பதற்கு அவருக்கு ஒன்றுமே இல்லை.

"இதெல்லாம் ஒரு வலியா ஆன்சி? ஜூட் பொறந்தப்போ எனக்கு மூணு நாளு. மூணு முழு நாளு! வெளிய புயலு. கரண்டு இல்ல. டாக்டரம்மா வர்ற வழியில மரம் விழுந்துடுச்சு. நர்சு என்னைப் பாத்து, 'இந்தப் பொம்பள தேறாது, வீட்டுக்குச் சொல்லிவிடுங்க'ன்னு…"

பாக்கியநாதனின் கை சிவந்தது. காது சிவந்தது. நர்சு மெழுகுவத்தியோடு மாடிப்படியில் வழுக்கி விழப்போகிற கட்டம் வந்தபோது அவர் வாயிலிருந்து, கூடம் அதிர, ஒரு சத்தம் வந்தது.

"கொஞ்ச நேரம் சும்மா இருங்க அத்தை!"

அத்தை என்று கூப்பிட்டது அறுபத்திரண்டு வயது சம்பந்தி. பெலிண்டா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். ஜூட் சுவரைப் பார்த்தான். ஆன்சிதான் முதலில் சிரித்தது. தட்டு சரிந்து முறுக்கெல்லாம் தரையில் ஓட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அப்பா, ஐயோ, வேணாம், இப்பவே பொறந்துடப் போவுது" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து ஜூட் சிரிக்க, கடைசியில் பெலிண்டாவுக்கும் உதட்டோரம் நழுவிவிட்டது. உடனே அதை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தியம்மா, நான்… அது ஐஸ் பண்ணினது" என்றார் பாக்கியநாதன், கையை உதறியபடி.

"பரவாயில்லண்ணே. நீங்கதானே ஆன்சி" என்றார் பெலிண்டா. குரலில் மீன் முள் இருந்தது.

மூன்றாவது தடவை யமுனா ஜூட்டைக் கூப்பிட்டாள். பாக்கியநாதனின் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை எங்கே வைக்கவேண்டும், எவ்வளவு அழுத்தவேண்டும் என்று காட்டினாள். கடைசல் பட்டறைக் கை, கச்சிதமாக உட்கார்ந்தது. "நீங்க பிரசவ ரூம் வாசல் வரைக்கும் இதைத்தான் பண்ணப்போறேள். ரத்தம் இருக்காது, பயப்படாதீங்கோ." பிறகு அவள் தரையில் சம்மணமிட்டு, பாக்கியநாதனின் எதிரே உட்கார்ந்தாள். ஐஸ் கைக்குப் போயிற்று.

"மூச்சை மெதுவா விடுங்கோ. இழுக்கறதைப்பத்திக் கவலைப்படாதீங்கோ, அது தானா வரும். விடறதை மட்டும் பாத்துண்டா போறும்."

அதிகம் பேசுகிறவள் என்று தன்னைப்பற்றிச் சொன்னவள் அதற்குமேல் பேசவில்லை. பாக்கியநாதன் மூச்சை விட்டார். இன்னொன்றை விட்டார். தோள்கள் இறங்கின. கண்கள் மூடிக்கொண்டன. விரலிடுக்கில் தண்ணீர் சொட்டி வேட்டியை நனைத்தது அவருக்குத் தெரியவில்லை.

"ஆன்சி" என்றாள் யமுனா மெதுவாக. "உனக்கு இப்ப யார் பக்கத்துல வேணும்?"

"ரோசி" என்றார் பாக்கியநாதன்.

கண்ணைத் திறந்தவர் எல்லோரையும் பார்த்தார். கையில் ஐஸ் இல்லை, எப்போதோ கரைந்து போயிருந்தது. அந்த ஈரக்கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க ஈரம் அதிகமாயிற்றே தவிரக் குறையவில்லை. ஜூட் இடுப்பை அழுத்துவதை நிறுத்தலாமா என்று தெரியாமல் அழுத்திக்கொண்டே இருந்தான்.

ஆன்சி எழுந்து வந்து, அந்தப் பெரிய வயிற்றோடு சிரமப்பட்டு, அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் அம்மாதாம்பா வேணும். டாக்டர் கேக்கறப்பல்லாம் அதான் வாயில வருது. வேற யார் பேரைச் சொன்னாலும் அம்மா வேணாம்னு நானே சொல்ற மாதிரி இருந்துச்சு. அதான் சொல்லலை."

பாக்கியநாதன் மகளின் தலையில் ஈரக்கையை வைத்தார். "உங்கம்மா இருந்தா, 'எவளையாவது சீக்கிரம் சொல்லித் தொலைடி'ன்னுதான் சொல்லியிருப்பா."

"ஆமா" என்று ஆன்சி அழுதுகொண்டே சிரித்தாள். "அப்ப யமுனா அக்கா வரட்டும். அம்மாவோட எடத்துக்கு அவங்க வரலை. அவங்களுக்குன்னு ஒரு எடத்துக்கு வரட்டும்."

யமுனா தரையிலிருந்து எழுந்து சுடிதாரைத் தட்டிக்கொண்டாள். "எனக்கு ஒரு டம்ளர் மோர் கிடைக்குமா? மத்தவாளோட வலியில எனக்கு ரொம்பப் பசிக்கும்."

மோர் கலக்கச் சமையலறைக்குப் போனது பெலிண்டா. அதில் உப்பு ஒரு கை கூடவே விழுந்திருந்தது. யமுனா முகம் சுளிக்காமல் குடித்தாள். அரியமங்கலத்துக்குத் திரும்பிய பெலிண்டா அதன்பிறகு வாட்ஸப்பில் குரல் அனுப்பவே இல்லை. தினம் காலையில் அந்தக் குரல் கேட்டே எழுந்து பழகிய பாக்கியநாதனுக்கு, யாரோ பட்டறையையே மூடிவிட்டது போலிருந்தது.

ஆன்சிக்கு வலி வந்தது ஒரு வியாழக்கிழமை காலை, இட்லி தட்டில் இருக்கும்போது. ஜூட் கட்டைவிரலோடு வந்து சேர்ந்தான். யமுனா ஸ்கூட்டரில் வந்தாள். அவசரப்படாமல் வீட்டுக்குள்ளேயே ஆன்சியை நடக்கவிட்டாள், பந்தில் ஆடவிட்டாள், டாக்டர் பஸீலாவுக்குப் போன் போட்டுப் புறப்படுகிற நேரத்தைக் கேட்டுக்கொண்டாள். "பஸ் வருது, பஸ் வருது" என்று ஆன்சியே சொல்லிக்கொண்டு கதவைப் பிடித்து நின்றாள். வெயில் ஏறியபோது எல்லோரும் புத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். யமுனா உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் பாக்கியநாதன் உட்கார்ந்தார். ஜூட்டால் உட்கார முடியவில்லை. அவன் லிஃப்ட் வரைக்கும் போய்ப் போய் வந்தான். சற்று நேரத்தில் பெலிண்டா தூக்குடன் வந்து, இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். பேசவில்லை. பட்டறை மூடியே இருந்தது.

பாக்கியநாதன் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். அடுத்த நாற்காலியைத் தட்டினார். சுவரைத் தட்டினார். ஆஸ்பத்திரியில் தட்டுவதற்கு இனி எதுவும் மீதியில்லை என்றானபோது மெதுவாகச் சொன்னார்.

"சம்பந்தியம்மா, ஜூட் பொறந்த கதையைச் சொல்லுங்களேன்."

பெலிண்டா திரும்பிப் பார்த்தார். "கிண்டலா அண்ணே?"

"சத்தியமா இல்ல. எனக்கு இங்க சும்மா உக்கார முடியலை. எதையாவது கேட்டாத் தேவலை. புயலோடவே சொல்லுங்க."

பெலிண்டா தூக்கின் மூடியைத் திருகித் திறந்தார், திருகி மூடினார். "புயலெல்லாம் இல்லண்ணே."

"மழை?"

"தூறக்கூட இல்ல. வெயிலு. காலைல உள்ள கொண்டு போனாங்க, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி இவன் பொறந்துட்டான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா உள்ள யாரையும் விடலை. எங்கம்மா கதவுக்கு இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். கூப்பிட்டேன், கூப்பிட்டேன். 'கத்தாதே'ன்னு ஒருத்தி, அவளும் போயிட்டா. செவுத்துல ஒரு பல்லி இருந்துச்சு. அதுகிட்டதான் பேசிக்கிட்டு கெடந்தேன்." தூக்கை மடியில் வைத்துக்கொண்டார். "யார்கிட்டயாவது காலைல போய் மத்தியானம் பெத்தேன்னா 'நல்ல சுகப்பிரசவம்'னு சொல்லிட்டுப் போயிடறாங்க. எனக்கு மூணு நாளாத்தான் இருந்துச்சு. அதான் மூணு நாளுன்னு சொல்றேன். இந்தப் புள்ளைக்கு அப்படி ஆகக்கூடாதுன்னுதான் நான் உள்ள வரேன்னேன். வாயில வர்றப்போ அது புயலு மழையா வருது, என்ன பண்ண?"

பாக்கியநாதன் எழுந்து அவருக்கு அடுத்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "பல்லி பதில் சொல்லுச்சா?" என்று கேட்டார்.

"ஒரு தடவை உச்சுக்கொட்டுச்சு" என்றார் பெலிண்டா. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது கதவு திறந்து யமுனா தலையை நீட்டினாள். நெற்றிக்கோடு வியர்வையில் அழிந்து ஒரு பக்கமாக இறங்கியிருந்தது.

"எல்லாம் நன்னாப் போயிண்டிருக்கு. ஆபீஸ் நேரக் கூட்டம்தான். பெலிண்டா மாமி, ஆன்சி உங்களைக் கூப்பிடறா."

"என்னையா?"

"அத்தை வேணுமாம். ஒரு நேரத்துல ஒருத்தர்தானே, நான் வெளில வந்துடறேன். டாக்டர் சரின்னுட்டா."

பெலிண்டா எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். "அந்தப் புள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்றது? எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு கதைதான்."

"ஒண்ணுமே சொல்லவேண்டாம். கையைப் பிடிச்சுக்கோங்கோ. மூச்சை விடறாளான்னு பாருங்கோ, அவ்வளவுதான்."

பெலிண்டா கண்ணாடி வளையல்களைக் கழற்றினார். எங்கே வைப்பதென்று பார்த்து, பாக்கியநாதனின் கையில் கொட்டினார். தூக்கை யமுனாவின் கையில் கொடுத்தார். "உங்களுக்குன்னு தனிப் பாத்திரத்துல வச்சது. தயிர்ச்சோறு. மீன் படலை, சத்தியமா" என்றபடி உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

யமுனா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள். "உங்க பொண்ணு கெட்டிக்காரி சார். இத்தனை நாள் ஒருத்தரைக்கூடக் கேக்காதவ, இன்னைக்கு டாக்டரை நாலு கேள்வி கேட்டுட்டா. அப்பறம் என்னைப் பாத்து 'அக்கா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க'ன்னா."

"ரிஜெக்டா?" என்றார் பாக்கியநாதன் கவலையோடு.

"இல்லை இல்லை. ஷிப்டு மாத்திட்டா" என்றாள் யமுனா, வாய் நிறையத் தயிர்சாதத்தோடு.

பாக்கியநாதன் வளையல்களை இரண்டு கைகளிலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். ஐஸ் பிடித்ததுபோலவே பிடித்தார். மூச்சை மெதுவாக விட்டார். ரோசம்மாள் இருந்தால் இந்நேரம் உள்ளேதான் இருப்பாள், தான் இங்கேதான் இருப்போம், ஆக தன் இடத்தில் மாற்றம் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு வலித்தது. பஸ் மாதிரி கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போயிற்று.

உள்ளே ஆன்சியின் குரல் உயர்ந்தது. அதற்கு மேலே, லேத் சத்தத்தையும் தாண்டிப் பழகிய இன்னொரு குரல். "விடு! விடு! இழுக்கறதைப் பத்திக் கவலைப்படாத, விடு கண்ணு, விடு!"

"சும்மா இருக்கணும்னு சொல்லி அனுப்பினேன்" என்றாள் யமுனா.

பிறகு ஒரு நொடி ஒன்றுமே கேட்கவில்லை. லிஃப்ட் பக்கம் போன ஜூட் நடுவழியில் நின்றான். பாக்கியநாதன் எழுந்து கதவருகே போனார்.

அந்தச் சத்தம் வந்தது. புதுசு, கூர்மை, ஊரே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கோபம். ஜூட் மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். யமுனா அவனுக்குத் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

பாக்கியநாதன் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார். இன்னும் ஒருமுறை வந்தது. அதையும் கேட்டார். தட்டுவதற்கு மடிந்திருந்த விரல் தானாகப் பிரிந்துகொண்டது.

"விரிசல் இல்ல ரோசி" என்றார்.